ஆறு கூரைக்கு ஒரு வாளி

மூக்கப் பொத்தாதீங்க தம்பி, சாணிதான். மூடி போட்டு, மேல ஈரச் சாக்கு சுத்தி, வாழை எல வச்சுக் கட்டியிருக்கேன். அப்படியும் வளைவுல பஸ்சு சாயுறப்ப லேசா வாசம் வரத்தான் செய்யும். கண்டக்டர் சின்னமனூர்ல ஏறுறப்பவே மொறைச்சாரு. லக்கேஜுன்னு டிக்கெட் போட்டுக்கங்கன்னேன். சாணிக்கு டிக்கெட் கிழிச்சா டிப்போவுல என்னைய வச்சு சிரிப்பாய்ங்கன்னு சொல்லிட்டு முன்னாடி போயிட்டாரு.

நாட்டு மாட்டுச் சாணி. கொழுந்தியா வீட்டுல ரெண்டு நிக்குது. மேல எங்க பக்கம் மாடு கெடையாது, காட்டுக்குள்ள மாட்ட ஏத்தக் கூடாதுன்னு சட்டம். காட்டுமாடு இருக்கு, ஒவ்வொண்ணும் லாரி கணக்கா. அதோட சாணி ஆகாது. அது நாம கும்புடுற மாடு இல்ல, நம்மளக் கும்புட வைக்கிற மாடு. அதனால ஞாயித்துக்கிழமை ஆனா கீழ எறங்கி ஒரு வாளி வாங்கிட்டு வந்துருவேன். ஒரு வாரம் தாங்கும்.

எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா? கேக்காட்டியும் சொல்றேன். நான் எறங்குற ஓடைப்பாலம் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, இந்த ரோட்டுல தூங்கவும் முடியாது.

எனக்கு மேல என்ன சோலின்னா மழைய மறிக்கிற சோலி. சிரிக்காதீங்க. சன்னாசின்னு பேரு, பதினோரு வருசமா மழைய மறிச்சுக்கிட்டு இருக்கேன்.

வைதேகி மேடம்னு ஒருத்தங்க. மண்ணப் பத்திப் படிச்சவங்க. வெவசாய மண்ணு இல்ல, சும்மா கெடக்குற காட்டு மண்ணு. பதினோரு வருசத்துக்கு முந்தி, ஒல்லியா, அட்டை ஏறாம இருக்க முழங்கால் வரைக்கும் துணி உறை மாட்டிக்கிட்டு, கையில ஒரு இரும்புக் குழாயோட வந்து நின்னாங்க. "அண்ணே, இந்தக் காட்டுல ஆறு எடத்துல மட்டும் மழை கம்மியாப் பெய்யணும்"னாங்க. இதுக்கு வருண பகவான்ட்ட இல்ல மனு குடுக்கணும், எங்கிட்ட ஏன் வந்துச்சு இந்தப் புள்ளன்னு நெனைச்சேன்.

அப்புறம்தான் வெவரம் சொன்னாங்க. மொத்தம் பன்னெண்டு கட்டம். ஒவ்வொண்ணும் ஒரு சின்ன ரூம்பு அளவு. ஆறு கட்டம் அப்படியே தொறந்து கெடக்கும். ஆறு கட்டத்துக்கு கால் நட்டு, பட்டை பட்டையா பிளாஸ்டிக் ஷீட்டு போட்டுக் கூரை. பெய்யுற மழையில பாதி இடுக்கு வழியா உள்ள விழும், பாதி தகர வாய்க்கால்ல ஓடி ஓடைக்குப் போயிரும். கூரை மேல விழுற எலைய அள்ளி உள்ள இருக்குற மண்ணுக்கே போட்டுரணும், அதுக்கு உண்டானத நாம திங்கக் கூடாதுல்ல. காலையில எட்டரை மணிக்கு மழை அளக்குற குடுவையப் பாத்து நோட்டுல எழுதணும். அம்புட்டுதான். ஒரே ஒரு கண்டிசன், கூரைக்குக் கீழ ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது.

இது என்ன கிறுக்குத்தனம், மழை பெய்யலன்னு ஊர் ஊரா கழுதைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறாய்ங்க, இங்க பெய்யுற மழையத் தடுக்கச் சொல்றீங்களேன்னு கேட்டேன். மேடம் கீழ உக்காந்து ஒரு சிட்டிகை மண்ண எடுத்து என் உள்ளங்கையில வச்சாங்க. "இதுக்குள்ள கோடிக்கணக்குல உசுரு இருக்குண்ணே. கண்ணுக்குத் தெரியாது. விழுற எலையத் தின்னு மரத்துக்குச் சோறாக்குறது இதுகதான். மழை மாறுனா இதுக என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியல"ன்னாங்க. நான் கைய ஆட்டாம வச்சுக்கிட்டு நின்னேன். கோடி உசுருன்னா சும்மாவா. பொறவு எங்க கொட்டுறதுன்னு தெரியாம எடுத்த எடத்துலயே திரும்ப வச்சேன்.

மழை மாறிப்போச்சுங்கிறது நெசம் தம்பி. என் நோட்டப் பாத்தாலே தெரியும். நான் சின்ன வயசுல மேல தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனப்ப, ஆனி ஆடியில சாரல் புடிச்சா நாப்பது நாள் விடாது. போட்ட சட்டை காயாது, அடுப்பு வெறகு காயாது. இப்ப நாலு நாள்ல வெறி புடிச்ச மாதிரி கொட்டிட்டு ஓடிருது, அடுத்த இருபது நாள் வெயில் பல்லக் காட்டுது. வருசத்துக்குக் கூட்டிப் பாத்தா பெருசா வித்தியாசம் இல்ல. ஒரு மாசச் சோத்த ஒரே நாள்ல வாயில திணிச்சா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? மண்ணுக்கும் அதேதான்னு மேடம் சொன்னாங்க. அதுவும் ஒரு வருசம் பாத்தா தெரியாதாம், வருசக்கணக்கா காஞ்சு பழகுன மண்ணுதான் நெசம் பேசுமாம்.

மண்ணு மூச்சு விடும், தெரியுமா ஒங்களுக்கு? தெரியாதுல்ல. எனக்கும் மொதல்ல தெரியாது. வெள்ளையா ஒரு குடுவை, அதக் கவுத்து மண்ணு மேல வச்சா உள்ள இருக்குற உசுருக விடுற மூச்ச மிசினு நம்பராக் காட்டும். மொத அஞ்சு வருசமும் மேடம் நெனைச்ச மாதிரியே ஆச்சு. தொறந்து கெடந்த மண்ணு தாராளமா மூச்சு விட்டுச்சு. கூரை மண்ணு வருசத்துக்கு வருசம் கஞ்சம் புடிச்சிருச்சு. மழை வந்தாக்கூட நம்பாம, பைய பையதான் மூச்சு விடும். மேடத்துக்கு சந்தோசம். எனக்கு மனசு கேக்கல. காடு பூரா குளிச்சுக்கிட்டு இருக்கு, இதுக மட்டும் கூரைக்குக் கீழ நாக்கு வறண்டு கெடக்குதுக. மழைய மறிச்ச பாவம் யாருக்கு, கூலிக்கு நிக்கிற எனக்குத்தான.

ஆறாவது வருசம் ஆனை வந்துச்சு. தொறந்து கெடந்த கட்டத்துல ஒரு காலு வைக்கல, கூரை போட்டதுல மூணு கூரையப் பிரிச்சு மேஞ்சிட்டுப் போயிருச்சு. மேடம் வந்து பாத்துட்டு சேத்துலயே உக்காந்துட்டாங்க. ஒரு வாரம் அவங்களும் நானும் சேந்து திரும்பப் போட்டோம்.

வீட்டுல ஒச்சம்மாகிட்ட சொன்னேன். ஒச்சம்மா என் சம்சாரம். மேடம்னா அவளுக்கு உசுரு. ஒருக்கா அவளுக்கு நெஞ்சு வலி வந்து நாக்கு இழுத்துக்கிட்டப்ப, ஆம்புலன்சு வர்றேன் வர்றேன்னு கீழயே நிக்குது, இந்தப் புள்ள ஜீப்ப எடுத்து அத்தன வளைவும் தானே ஓட்டி, சின்னமனூர் ஆஸ்பத்திரியில தூக்கிக்கிட்டு ஓடுச்சு. இவ எம்பத்தஞ்சு கிலோ. அன்னையில இருந்து எங்க வீட்டுல சாமி படத்துக்குக் காட்டுற சூடத்த அந்தப் புள்ள பேரச் சொல்லித்தான் காட்டுறது.

ஒச்சம்மா கேட்டா ஒரு கேள்வி. "கூரை போட்டீங்களே, வாசல் தெளிச்சீங்களா?"ன்னா.

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. நெசந்தான. தொறந்து கெடக்குற வரைக்கும் அது காடு, வனதேவதை பாத்துக்கிரும். கால நட்டுக் கூரையப் போட்டுட்டா அது வீடு. வீடுன்னு ஆனா வாசல் தெளிக்காம போட்டு வச்சா மூதேவி வந்து குடியேறுவா, ஆனையும் வரும். ஆறு வீட்டக் கட்டிப்புட்டு ஒரு நாள் தெளிக்கல. படிச்ச புள்ளைக்குத்தான் தெரியல, நான் என்னத்தப் புடுங்கிக்கிட்டு இருந்தேன் அஞ்சு வருசமா?

அந்த வாரமே ஆரம்பிச்சேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, ஒரு வாளி. நல்லாக் கரைச்சு ஆறுக்கும் தெளிப்பேன். இதுல ஒரு சிக்கல் என்னன்னா, எது வாசல்னு தெரியல. நாலு பக்கமும் செவுரு இல்லாம தொறந்து கெடக்கு. எதுக்கு வம்புன்னு உள்ள பூராவும் சேத்தே தெளிச்சேன். மேல எலையப் போட்டு மூடிருவேன், எலை அள்ளிப் போடுறது என் சோலிதான.

என்ன தம்பி, என்னமோ சொல்ல வந்தீங்க? இருங்க, முடிச்சிர்றேன்.

கண்டிசன் ஞாபகம் இருக்கு எனக்கு. தண்ணி ஊத்தக் கூடாதுன்னாங்க. நான் தண்ணியா ஊத்தினேன்? சாணியத்தான தெளிச்சேன். அதக் கரைக்கத் தண்ணி வேணும்ல, கையில அப்பவா முடியும்? பதினோரு வருசத்துல ஒரு நாள் நான் சொல்லு மீறுனது கெடையாது.

மேடத்துக்குத் தெரியாது. மூணு மாசத்துக்கு ஒருக்காதான் வருவாங்க. அவங்க வர்ற வாரம் முந்துன நாளே முடிச்சிருவேன். ஒச்சம்மா கண்டிசனாச் சொல்லிட்டா, ஒருத்தர் நல்லதுக்குச் செய்யுறத அவங்ககிட்டயே சொல்லிட்டா பலன் போயிரும்னு. வழியில பாத்த ஆளுகிட்ட சொல்லலாம், அதுக்குத் தோசமில்ல. அதான் ஒங்ககிட்ட சொல்றேன்.

பலன் வந்துச்சு தம்பி. சாமி சத்தியமா வந்துச்சு. அதுக்கப்புறம் ஆனை அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. அது மட்டுமா. ஏழாவது வருசம் மேடம் குடுவையக் கவுக்குறாங்க, கூரை மண்ணு தொறந்த மண்ண விட வேகமா மூச்சு விடுது. மிசினு ரிப்பேருன்னு மாத்திப் பாத்தாங்க. அதே நம்பரு. அடுத்த வருசம் இன்னும் கூடுது. மேடம் என் கையப் புடிச்சுக் குலுக்கி, "அண்ணே, காஞ்சு பழகுன மண்ணு புதுசா ஏதோ கத்துக்கிருச்சுண்ணே, யாரும் இதுவரைக்கும் இப்படிப் பாத்ததில்ல"ன்னு சொன்னாங்க. பெரிய ஊர்ல மீட்டிங்கு போட்டுப் பேசினாங்களாம். அவங்களுக்கு மேல இருக்குற பெரிய சார் கை தட்டினாராம். எல்லாம் நல்லா நடக்குறப்ப பின்னால நிக்கிறவன் வாயத் தொறக்கக் கூடாது.

அதுக்கு மேலதான் கண்ணு பட்டுருச்சு. ஒம்பதாவது வருசம் அந்த மண்ண வேற ஒரு லேபுக்கு அனுப்பி, உள்ள இருக்குறது என்னென்ன உசுரு, எந்த வம்சம்னு பாத்திருக்காங்க. ரிசல்ட்டு வருது, மாட்டு வயித்துல இருக்க வேண்டிய உசுருகளாம். அடர்ந்த காட்டு மண்ணுல, அதுவும் கூரை போட்ட ஆறுல மட்டும். எங்கருந்து வந்துச்சு?

பெரிய சாரு நேரா மலைக்கே வந்துட்டாரு. ஷூவுல சேறு பட்டதுக்கே ரெண்டு நாள் பொலம்புன ஆளு. என்னைய நிக்க வச்சு, "நீதான் மாட்ட உள்ள விட்ருக்க. மழைக்குக் கூரைக்குக் கீழ கட்டிப் போட்ருக்க"ன்னாரு. தம்பி, எங்கப்பன் கூட என்னைய அப்படிப் பேசுனதில்ல. சூடத்தக் கொளுத்துங்க, அணைக்கிறேன்னேன். அறிவியல்ல சூடம் கெடையாதுன்னாரு. பின்ன என்ன எழவுதான் இருக்கு அதுல?

அந்த வேதனைதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறல. பதினோரு வருசத்துல ஒரு மாடு, ஒரே ஒரு மாட்டுக் குளம்பு அந்தக் கட்டத்துல பட்டிருந்தா என் காலு வெளங்காம போகட்டும். நான் இருக்குற எடத்துல மாட்டோட மூச்சுக்காத்துக் கூட வராது.

வளைவுல வாசம் நல்லா வரும், வாளிய இப்படி நகத்திக்கிறேன். கால அங்கிட்டு வச்சுக்கங்க.

பெரிய சாரு சும்மா போகல. மரத்துக்கு மரம் கேமரா கட்டிட்டுப் போனாரு. எது நடந்தாலும் தானா படம் புடிச்சிருமாம், கீழ தேதியும் மணியும் விழுமாம். நல்லாக் கட்டுங்க, எனக்கு என்ன பயம்னு நானே ஏணியப் புடிச்சேன். ஆறு மாசம் கழிச்சு எல்லாப் படத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாங்க, நானும் கூடத்தான் உக்காந்திருந்தேன். பன்னி, முள்ளம்பன்னி, மிளா மானு, ஒரு சிறுத்தையோட பின்பக்கம். மாடு? ஒண்ணு இல்ல. மிச்சம் எல்லாம் நான். முப்பது நாப்பது படம் இருக்கும். நான் வர்றப்பல்லாம் பெரிய சாரு, "இது சன்னாசி, அடுத்தது போ, அடுத்தது போ"ன்னு தள்ளிக்கிட்டே இருந்தாரு. கடைசியில எந்திரிச்சாரு. மன்னிப்புக் கேக்கல. அந்தாளு முகத்துக்கு அது வரவும் வராது.

ஒரு படத்துல நான் நல்லா விழுந்திருந்தேன் தம்பி. மேடத்துகிட்ட கேட்டேன், இருந்த கவலையில சரியாக்கூடப் பாக்காம எடுத்துக் குடுத்தாங்க. இருங்க, பையிலதான் வச்சிருக்கேன். இந்தாங்க. காலை வெயிலு மூஞ்சியில அடிக்குது பாருங்க, ஒச்சம்மா பாத்துட்டு மாப்பிள்ளைக் களை இருக்குன்னா. கையில வாளி. இதே வாளிதான். இன்னொரு கை தெளிக்கிறப்ப வீசுது பாருங்க, என்னமோ ஆசிர்வாதம் பண்ணுற மாதிரி. கீழ தேதி கூட இருக்கு, வெள்ளிக்கிழமை.

ஏன் தம்பி அத அப்படி உத்துப் பாக்குறீங்க? அம்புட்டு அழகா இருக்கேனா?

அன்னைக்கு பெரிய சாரு போன பின்னாடி மேடம் என் கூட ஓடைப்பாலம் வரைக்கும் நடந்து வந்தாங்க. பாலத்துக் கட்டையில உக்காந்தவங்க அழுதுட்டாங்க தம்பி. அட்டை கடிச்சு ரத்தம் ஓடுறப்ப சிரிச்ச புள்ள. ஆனை பிரிச்சுப் போட்டப்பக் கூட கண்ணுல தண்ணி வரல. "எல்லாரும் நான் ஏமாத்திட்டேன்னு நெனைக்கிறாங்கண்ணே. ஒரு வருசம் டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள மண்ணு சுத்தமா வரலன்னா எல்லாத்தையும் பிரிச்சிருவாங்க, பதினோரு வருசமும் குப்பையில. இது எங்கருந்து வந்துச்சு, எப்பருந்து வந்துச்சுன்னு மட்டும் தெரிஞ்சா போதும். அதுக்கு முந்துன வருசத்தையாச்சும் காப்பாத்திருவேன்"ன்னாங்க.

எம் பொண்டாட்டி உசுரக் கையில ஏந்திக்கிட்டு ஓடுன புள்ள, எங்கிட்ட கேக்குது, எனக்குப் பதில் தெரியல. திருஷ்டி மேடம், வேற ஒண்ணுமில்லன்னு சொன்னேன். அவங்க மூக்கத் தொடச்சுக்கிட்டு, "நீங்க ஒருத்தராச்சும் என் பக்கம் இருக்கீங்களேண்ணே"ன்னு சொன்னாங்க.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒச்சம்மாவும் நானும் பேசி ஒரு முடிவு எடுத்தோம். தப்பு எங்க மேலதான் தம்பி. வீடுன்னா தெனம் தெளிக்கணும். நான் வாரத்துக்கு ஒருக்கா ஒப்பேத்திக்கிட்டு இருந்தேன். கண்ணு படாம என்ன செய்யும்? அது போன சித்திரை, அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள் விடல. தெனமும் காலையில மழை நோட்டு எழுதுன கையோட ஆறுக்கும் தெளிச்சிருவேன். காய்ச்சல்ல கெடந்தப்பக் கூட ஒச்சம்மா முட்டி வலியோட போய் தெளிச்சிட்டு வந்தா. மண்ணுலயும் தெரியுது, மேலாப்புல பச்சையா பாசி கட்டுது. காஞ்சு கெடந்த எடம்.

வர்ற புதன்கிழமை மேடம் வந்து கடைசி மண்ண எடுக்குறாங்க. அதுலதான் எல்லாம் இருக்கு. இந்த வாளி அதுக்குத்தான்.

என்னது? மேடம் நம்பரா? ஒங்களுக்கு எதுக்கு தம்பி?

பேசணுமா. என்ன பேசணும்? சொல்லுங்க, நான் சொல்லிர்றேன். இல்ல, நேராத்தான் பேசணுமா? தப்பா நெனைக்காதீங்க, ஒங்களப் பாத்தா நல்ல எடத்துப் புள்ளையாத்தான் தெரியுது. இருந்தாலும் முன்ன பின்ன தெரியாத ஆளுக்கு ஒரு பொம்பளப் புள்ள நம்பர எப்படித் தர்றது? ஒங்க வீட்டுல அப்படித் தருவீங்களா? ஏற்கனவே அந்தப் புள்ள நொந்து போயிருக்கு. யாரு எவருன்னு தெரியாம ஒருத்தர் போன் பண்ணி என்னத்தையாவது சொல்லி மனசக் கலைக்கவா?

முடியாது தம்பி. அந்த விசயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பு.

படம் வேணும்னா வச்சுக்கங்க. எனக்கு இன்னொண்ணு வீட்டுல இருக்கு. கண்டக்டரே, பாலம் எறக்கம்.

வாளிய விடுங்க தம்பி. என்ன இது, கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு. ஒங்க வீட்டுக்கும் சாணி வேணும்னா அடுத்த ஞாயித்துக்கிழமை இதே பஸ்சுல வாங்க, தனியா கொண்டு வர்றேன். இது அந்தப் புள்ளைக்குன்னு எடுத்தது, ஒரு துளி குடுக்க முடியாது. விடுங்க, டிரைவர் திட்டுறாரு பாருங்க. புதனுக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு, இன்னையில இருந்து கொஞ்சம் கெட்டியாவே கரைக்கணும்.